நாலாவது ஓட்டை

பௌலிங் பந்தில் மூன்று ஓட்டை இருக்க வேண்டும். கட்டைவிரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கு ஒன்று, மோதிரவிரலுக்கு ஒன்று. கிளப்பில் வரிசையாகக் கிடந்த கறுப்புப் பந்துகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. என் தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போனவன் கொண்டுவந்த பந்தில் மட்டும் நாலு இருந்தது. அதை முதலில் கவனித்தவள் நான். கவனித்த மாத்திரத்தில், இவன் எதையோ மறைக்கிறான் என்று மனதில் விழுந்துவிட்டது.

என்னைச் சந்தேகப் பிராணி என்பார் என் கணவர். சொல்லிவிட்டுப் போகட்டும். எழுபதுகளின் கல்கத்தாவில் டாக்ஸி மீட்டரையும் பால்காரரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பி உருப்பட்டவர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டட்டும். அதோடு, அந்தச் சமயம் எனக்குச் சந்தேகப்படக் காரணமும் இருந்தது. நாங்களே ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தோம்.

என் தங்கைக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் காய்ச்சல் வந்து, காதில் சீழ் வைத்து, வைத்தியம் பார்ப்பதற்குள் அந்தக் காது போய்விட்டது. வலது காது பாம்புக் காது. டாக்குரியாவில் ஒரு பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்தினாள். கடைசி பெஞ்சில் எவள் குசுகுசுத்தாலும் பிடித்துவிடுவாள், வலப்பக்கத்துக் கடைசி பெஞ்சாக இருந்தால். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு நானும் என் கணவரும்தான்.

முதலில் வந்த வரனிடம் யோக்கியமாக உண்மையைச் சொன்னோம். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. மறு வாரம் நான் அப்பளமும் காபிப் பொடியும் வாங்கப் போனபோது, நம்மூர்க் கடைக்காரர் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, “தங்கைக்குக் காது எப்படிம்மா இருக்கு?” என்று விசாரித்தார். தென்கல்கத்தாவில் உள்ள அத்தனை தமிழர்களும் காபிப் பொடிக்கு அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். எனக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. அன்றைக்கே தீர்மானித்தேன், இனிமேல் தாலி ஏறும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று. தங்கைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் என்னோடு சண்டை போட்டு ஜெயிக்கும் தெம்பு அவளுக்கு அப்போது இல்லை.

மறைப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். யார் வந்தாலும் கூடத்தில் அவளுடைய நாற்காலி சுவரை ஒட்டி, இடது பக்கம் சுவர் வரும்படி இருக்கும். சுவர் இல்லாத இடங்களில் சுவராக நான் இருப்பேன். கல்யாண வீடு, கோயில், டிராம், எங்கே போனாலும் அவளுடைய இடப்பக்கம் என்னுடையது. யாராவது அந்தப் பக்கத்திலிருந்து பேச ஆரம்பித்தால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன். அக்காக்காரி அலட்டல் பேர்வழி என்று பெயர் வாங்கினேன். வாங்கினால் என்ன?

இந்த வரன் எங்கள் பாலிகஞ்சிலேயே, இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு மாமி மூலமாக வந்தது. பையனுக்கு அவள் அத்தை, வளர்த்தவளும் அவள்தான். பையன் சாந்த்ராகாச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். பார்க்க லட்சணமாக இருந்தான். அளந்து பேசினான். தங்கை அவனை நிமிர்ந்து பார்த்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இவளுக்குப் பிடித்துப்போயிற்று என்று. பிடித்துப்போனதுதான் எனக்குப் பயம். பிடிக்காதவன் வேண்டாம் என்று போனால் யாருக்கு நஷ்டம்?

பெண் பார்க்க வந்த அன்றைக்கே எனக்கு ஒன்று உறுத்தியது. பஜ்ஜியைத் தின்றான், காபியைத் தொடவில்லை. நுரை ததும்ப டம்ளரையும் டபராவையும் கொண்டுபோய் நீட்டினால், காபி பழக்கமில்லை, தண்ணீர் போதும் என்றான். தஞ்சாவூர்க் குடும்பம், அத்தை வீட்டில் காலையில் டிக்காஷன் வாசனை தெருமுனை வரைக்கும் வரும், இவனுக்குக் காபி பழக்கமில்லையாம்! வயிற்றுப் புண்ணா? வேறு ஏதாவது குடிக்கிறவனா? அன்று வியர்த்துக் கொட்டுகிற புழுக்கம். சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டு மூடிக்கொண்டிருந்தான். அவர்கள் போன பிறகு என் கணவரிடம் இதையெல்லாம் சொன்னேன். காபி குடிக்காதவனை இதுவரை எந்தக் கோர்ட்டும் தண்டித்ததில்லை என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அடுத்தபடியாக அவன் சொல்லியனுப்பியது இன்னும் விசித்திரம். பெண்ணோடு கொஞ்சம் பேச வேண்டும், வீட்டில் வேண்டாம், கிளப்பில் சந்திக்கலாமா? என் கணவர் ஆபீஸ் மூலமாக உறுப்பினராக இருந்த அதே கிளப்பில் அவனும் உறுப்பினன். அங்கே கீழ்த்தளத்தில் பௌலிங் ஆட இரண்டு லேன் போட்டிருந்தார்கள். நீளமான மரத்தரை, எண்ணெய் பூசி வழவழவென்று இருக்கும். கோடியில் முக்கோணமாகக் கட்டைகள் நிற்கும். பந்தை உருட்டி அவற்றை விழத்தட்ட வேண்டும். வேலை மெனக்கெட்டு இதற்கு ஒரு கூட்டம் சனிக்கிழமை சாயங்காலமானால் வந்துவிடும். வீட்டுக்கு வர ஏன் தயங்குகிறான் என்று நான் கேட்டதற்கு, பையன் நாகரிகமானவன் என்றார் என் கணவர். தங்கை இருந்ததில் நல்ல புடவையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

அங்கே அவளை ஓர் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்து, வழக்கம்போல இடது பக்கம் நான் உட்கார்ந்துகொண்டேன். அவன் உறையிலிருந்து தன் சொந்தப் பந்தை எடுத்தான். வெளிநாட்டிலிருந்து மாமா ஒருவர் கப்பலில் அனுப்பியதாம். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உருட்டினான்.

அந்த ஆட்டம் எனக்கு ஓரளவு தெரியும். நன்றாக ஆடுகிறவர்கள் பந்தை விடும் நேரத்தில் மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்புவார்கள். திரும்பிய பந்து முக்கால் தூரம் நேராகப் போய்விட்டு, கடைசியில் இடது பக்கம் வளைந்து கட்டைகளுக்குள் புகும். இவன் கையைத் திருப்பவே இல்லை. கடிகாரப் பெண்டுலம் மாதிரி நேராக வீசி, நேராக விட்டான். பந்தும் நேராகத்தான் போயிற்று. கடைசியில், யாரோ காதில் சொன்னது மாதிரி, மெதுவாக இடது பக்கம் ஒதுங்கி முதல் கட்டையின் தோளில் இடித்தது. எல்லாம் விழுந்தன. மறுபடி அதே மாதிரி. மறுபடியும் அதே மாதிரி. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். திருப்பாத பந்து எப்படித் திரும்பும்?

பந்தைத் திருப்பிக் கொண்டுவரும் தண்டவாளத்தில் அது வந்து நின்றதும் எழுந்து போய்ப் பார்த்தேன். விரல் ஓட்டைகள் மூன்றும் உச்சியில் இருந்தன. வலது பக்கம், நன்றாகத் தள்ளி, விரலே எட்டாத இடத்தில் நாலாவது ஓட்டை. மற்ற மூன்றின் விளிம்புகளும் தேய்ந்து மழுங்கியிருந்தன. இதன் விளிம்பு கூராக, புத்தம் புதிதாக இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன்.

“காத்து போறதுக்கு” என்றான். “கட்டைவிரல் உள்ளே சிக்கிக்காம இருக்கும்.” சொல்லும்போது பந்தைத்தான் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

அந்த நிமிஷம் பார்த்து லோட்ஷெடிங். அந்த நாட்களில் சாயங்காலம் ஆனால் கரண்ட் போகும், கிளப்பின் ஜெனரேட்டர் பாருக்கு மட்டும்தான் வேலை செய்யும். கீழே கும்மிருட்டு. மெழுகுவர்த்தி கொண்டுவரச் சொல்லி யாரோ கத்தினார்கள். நான் பந்தண்டை நின்றுகொண்டிருக்கிறேன், நாற்காலிக்குப் போக வழி தெரியவில்லை. தங்கையின் இடது பக்கம் காலியாகக் கிடந்தது.

தட்டித் தடவிப் போய்ச் சேர்வதற்குள் மெழுகுவர்த்தி வந்துவிட்டது. என் நாற்காலியிலிருந்து அவன் எழுந்துகொண்டிருந்தான். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. நேரமாகிவிட்டது என்று என் கணவரிடம் சொல்லி, பந்தை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் அங்கே வந்து உட்கார்ந்ததே தங்கைக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை அத்தை வந்தாள். சுற்றி வளைத்துச் சொன்னாள். பையன் இருட்டில் பெண்ணிடம் ஏதோ கேட்டானாம். பதில் இல்லை. மறுபடி கேட்டானாம், அப்போதும் வாய் திறக்கவில்லையாம். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். சொல்லும்போதே அத்தை என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். இவளுக்குத் தெரியுமா? கடைக்காரர் ஏதாவது சொல்லிவிட்டாரா? அவன் வேண்டுமென்றே அந்தப் பக்கம் உட்கார்ந்து பரீட்சை பார்த்தானா? பெண் கூச்ச சுபாவம் என்று ஏதோ சொல்லி அனுப்பி வைத்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த ஓட்டை கை கொடுத்தது. அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் நாம் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்குக் காரணமும் கையில் இருக்கிறது: பையன் விளையாட்டில் ஏமாற்றுகிறவன். விளையாட்டில் ஏமாற்றுகிறவன் எதில்தான் ஏமாற்றமாட்டான்? கடையில் யார் கேட்டாலும் இதைத் தலை நிமிர்ந்து சொல்லலாம்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த தங்கையிடம் இதை மட்டும் சொன்னேன், இருட்டில் அவன் ஏதோ கேட்டதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் காதில் வாங்கிக்கொண்டே சமையலறைக்குப் போய் ஒரு சாத்துக்குடியை எடுத்து, ஒரு பக்கம் கத்தியால் தோண்டிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு கூடத்துச் சிவப்புத் தரையில் அதை உருட்டினாள். கொஞ்ச தூரம் நேராக ஓடியது. வேகம் குறைந்ததும் தோண்டாத பக்கமாகச் சாய்ந்து வளைந்து நாற்காலிக் காலில் முட்டி நின்றது.

“ஓட்டை போட்ட பக்கம் லேசு, மத்த பக்கம் கனம்” என்றாள். “லேன்ல எண்ணெய் இருக்கற வரைக்கும் பந்து பாட்டுக்கு வழுக்கிண்டு போகும். எண்ணெய் தீர்ந்து தரை பிடிக்கற இடத்துல கனமான பக்கம் இழுக்கும். ரொம்ப இல்லை, ஏக்டுகானி, துளியூண்டு. மிச்சத்தை அவர் நிக்கற இடத்தாலே சரிக்கட்டறார்.”

வங்காளமும் தமிழும் கலந்து அவள் பேசுவது எனக்குப் பழகினதுதான். ‘அவர்’ என்று அவள் சொன்னதுதான் சுருக்கென்றது. நான் விடவில்லை. காற்றுப் போவதற்கு என்று என்னிடம் சொன்னானே, அது பொய்தானே என்றேன்.

அவள் குனிந்து சாத்துக்குடியைப் பொறுக்கி எடுத்தாள். காற்றுக்காகப் போட்ட ஓட்டையென்றால் உள்ளுக்குள்ளே கட்டைவிரல் ஓட்டையோடு போய்ச் சேர வேண்டும், ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள். எதற்காகப் பொய் சொன்னான் என்று தெரியாமல் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசில்லை. அவனையே கேட்டுவிடலாம் என்றாள். நேரில் பிடிபட்டால் இன்னும் நல்லது என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஒருமுறை பேசிவிட்டு முடிவு சொல்கிறோம் என்று அத்தைக்குச் சொல்லியனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்பில் ஈ காக்காய் இல்லை. அவன் எங்களுக்கு முன்னாலேயே வந்து தனியாக உருட்டிக்கொண்டிருந்தான். என் கணவர் மேலே டீ சொல்லப் போனார். வேண்டுமென்றே போனார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் தங்கையின் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, பந்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவன் நாற்காலியின் மேல் வைத்தான். வியர்வைக்காக ஆட்டக்காரர்கள் கையில் தடவிக்கொள்ளும் பவுடர் டப்பா பக்கத்தில் இருந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரல் ஓட்டைக்குள் போட்டாள். குனிந்து, நாலாவது ஓட்டையில் வாயை வைத்து ஊதினாள். மறுபடி பலமாக ஊதினாள். கட்டைவிரல் ஓட்டைக்குள் கிடந்த பவுடர் ஒரு தூசி அசையவில்லை.

“காத்து போகலியே” என்றாள். குரலில் கோபம் இல்லை. அவள் வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்ட பெண்ணிடம் பேசுகிற குரல் அது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. இந்தச் சின்ன விஷயத்துக்கே வாய் கூசாமல் பொய் சொல்கிறவரை நம்பி எப்படிப் பெண் கொடுப்பது என்று கேட்டேன். ஏமாற்றி ஜெயித்த ஆட்டத்துக்கு அத்தனை கைதட்டல் வேறு என்றேன். கிளப் செயலாளருக்கு இது தெரியுமா என்றும் கேட்டேன்.

“தெரியும்” என்றான். “ஓட்டை போடறதுக்கு முன்னாடியே அவரைக் கேட்டாச்சு. எடையைச் சரி பண்ண ஒண்ணு போட்டுக்கலாம், அது தப்பில்லை. உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியக்கூடாதுன்னு நினைச்சேன்.”

பிறகு வலது கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி முழங்கை வரைக்கும் மடித்தான். மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு நீளத் தழும்பு. தொழிற்சாலையில் இயந்திரம் இழுத்துவிட்டதாம். எலும்பு கூடிவிட்டது, பலமும் வந்துவிட்டது. எதையும் தூக்கலாம், எழுதலாம். கை மட்டும் திரும்பாது. உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பச் சொன்னால் பாதியில் நின்றுவிடும். திருப்பிக் காட்டினான், நின்றுவிட்டது. கை திருப்ப முடியாததால் பந்தே திரும்பிக்கொள்ளட்டும் என்று, வலது பக்கத்தில் எவ்வளவு எடை எடுத்தால் எவ்வளவு சாயும் என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூட்டித் தானே துளைத்ததாகச் சொன்னான். கல்யாணம் முடிகிறவரை பெண் வீட்டுக்குக் கையைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது அத்தையின் கட்டளையாம்.

அந்த அத்தையின் முகம் என் கண்முன் வந்தது. என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாளே, நான் கண்டுபிடித்துவிட்டேனோ என்று பயந்து பார்த்திருக்கிறாள். எனக்கு உடனே இன்னொன்றும் விளங்கியது. டம்ளரிலிருந்து டபராவுக்குக் காபியை ஆற்ற வேண்டுமானால் மணிக்கட்டு திரும்ப வேண்டும். புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை அந்தத் தழும்புக்காக, வீட்டுக்கு வரத் தயக்கம் அந்தக் காபிக்குப் பயந்து.

“அப்ப காபி?” என்றேன்.

“உசிர்” என்றான். “உங்காத்துக் காபி வாசனைக்கு அன்னிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இளகிவிடக் கூடாது. ஒன்றை மறைத்தவன் இன்னொன்றையும் மறைக்கலாம். தங்கை அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டையை இறக்கிவிட்டு, பந்தை எடுத்து உறையில் வைத்தான். எழுந்து நின்றபோது அவன் அவளுடைய இடப்பக்கம் வந்திருந்தான். பந்துக்கு வழிவிட்ட நான் ஓரடி பின்னால் நின்றேன்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அன்னிக்கு இருட்டுல ஒண்ணு கேட்டேன். நீங்க பதில் சொல்லலை. இஷ்டமில்லைன்னா பரவாயில்லை, ஆனா...” என்று ஆரம்பித்தான்.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பந்து உறையைப் பார்த்தபடி நின்றாள். எத்தனையோ வருஷத்துப் பழக்கம், என் கால் தானாக நகர்ந்தது. இருவருக்கும் நடுவில் புகுந்து நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் நிழலைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பினாள், அவன் உதடு அசைவதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. கையை நீட்டி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கெட்டியான பிடி. வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் என்னைச் சட்டை செய்யவில்லை.

“இந்தப் பக்கம் வந்து கேளுங்கோ” என்று அவனிடம் சொன்னாள். “அந்தக் காது எனக்குக் கேக்காது.”

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு பந்து உறையைக் கீழே வைத்துவிட்டு, எங்களைச் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் போய், குனிந்து, அதை மறுபடி கேட்டான். அவள் பதில் சொன்னாள். நான் இடது பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், எனக்கு ஒரு வார்த்தை விழவில்லை.

என்ன கேட்டான், என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் என் வீட்டுக்குக் காபி குடிக்க வரும்போதெல்லாம் வாயைக் கிளறிப் பார்த்துவிட்டேன். அவள் டபராவில் காபியை ஆற்றி அவனிடம் கொடுப்பாள், அவன் குடிப்பான், இரண்டு பேரும் பிடி கொடுக்கமாட்டார்கள்.